ஒன்றாம் எண்

பாட்டு பாதியில் நின்றபோது சுனந்தா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றதோடு போயிருந்தால் கரண்ட் போய்விட்டது என்று விட்டிருப்பாள். கூடத்திலிருந்து கரகரவென்று ஏதோ உரசும் சத்தம் வந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். முந்நூறு சிடி கொள்ளும் அந்தப் பெரிய கறுப்புப் பெட்டியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சக்கரத்தில் வட்டமாகச் செருகியிருந்த சிடிகளில் ஒன்று பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கிக்கொண்டு நின்றது. சக்கரம் திரும்பப் பார்த்தது, முடியாமல் முனகியது.

வீட்டில் அவள் மட்டும்தான். கணவர் தன்யகுமார் காலையிலேயே செங்கம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை அப்படியே விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பெட்டியின் மேல் அவருக்கு இருந்த பாசம் அப்படிப்பட்டது. வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தபோது, பீரோவுக்கு இடம் பார்த்தாரோ இல்லையோ, பாட்டுக்கு இடம் பார்த்தவர். சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த எண்ணுக்குச் சுனந்தா போன் செய்தாள். "அரை மணி நேரத்துல வந்துடறேன் ஆன்ட்டி" என்றது ஒரு பெண் குரல்.

பெட்டி வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போன வருடம் சுனந்தாவின் தாய்வீட்டு ஊரில், மழைக்கால மாதங்களைக் கழிக்க ஒரு முனிவர் வந்து தங்கியிருந்தார். ஜைனக் குடும்பங்கள் ஜோடி ஜோடியாகப் போய் அவர் முன் உட்கார்ந்து விரதம் ஏற்றன. மிகுபொருள் விரும்பாமை என்பது அதில் ஒன்று. இவ்வளவுக்கு மேல் என்னுடையதில்லை என்று அவரவர் வாயாலேயே ஓர் எல்லை சொல்ல வேண்டும். யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. சொன்னவர்தான் சாட்சி, சொன்னவர்தான் காவல். ஒருவர் நகைக்கு எல்லை சொன்னார், ஒருவர் நிலத்துக்குச் சொன்னார். சுனந்தா புடவைக்குச் சொன்னாள். தன்யகுமார் எழுந்து நின்று, கைகூப்பி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி பாட்டுக்குச் சொன்னார்.

"எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. முந்நூறு சிடி. அதுக்கு மேல ஒண்ணு கூட எங்களோடது இல்லை."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மனிதர் சிடி சேர்ப்பது சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். அரசாங்க வேலையில் இருந்தவரை பாதிச் சம்பளம் அதற்கே போகிறது என்று அவருடைய அம்மாவே அழுதிருக்கிறாள். அப்படிப்பட்டவர் விட்டுவிடுகிறேன் என்கிறார். சுனந்தாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். ஐம்பது தாண்டிய வயதில் பொது இடத்தில் அப்படிச் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரமே பெட்டி வந்தது. ரமண நகர்ப் பக்கம் வெகுகாலம் குடியிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன பழைய மெஷின் அது. உள்ளே எல்லாம் மாற்றிப் புதுசாக்கி வாங்கினேன் என்றார் தன்யகுமார். அதன் பிறகு ஞாயிறுதோறும் இருவரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பொறுக்கினார்கள். எது உள்ளே, எது வெளியே? அவர் ஒவ்வொரு சிடியாகக் கையில் எடுப்பார், கண்ணில் ஒற்றிக்கொள்வார், பெருமூச்சு விடுவார், வெளியே போகும் பையில் போடுவார். பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்கும். சுனந்தாவுக்குக் கலங்கியது. "வேணும்னா என்னோடதுல இன்னும் ரெண்டு எடுத்துடுங்க" என்று அவளே விட்டுக்கொடுத்தாள். அவளுடையவை என்று இருந்ததே இருபதோ என்னவோதான். அதில் பாதிக்கு மேல் அந்தப் பைக்குள் போனது.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. அது கடையில் வாங்கியதில்லை. கல்யாணமான புதிதில் தன்யகுமார் அவளை ஊருக்குள் இருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடவைத்துப் பதிவுசெய்த சிடி. அவள் பிறந்த ஊர்க் கோயிலில் பெண்கள் பாடும் பாட்டுகள் எட்டு. மேலே "சுனந்தா" என்று மார்க்கர் பேனாவால் அவரே எழுதியிருந்தார், பக்கத்தில் ஒரு பூ வேறு போட்டிருந்தார். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் கழுத்தில் ஆபரேஷன் ஆகி அவள் குரல் உடைந்துவிட்டது. பேச்சு வரும், பாட்டு வராது. அந்த ஸ்டூடியோவும் இப்போது செருப்புக் கடை. அவள் பாடினாள் என்பதற்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு சிடிதான்.

"இதை வச்சுக்கலாங்க" என்றாள்.

"வச்சுக்கலாம். ஆனா இந்தப் பெட்டி கம்ப்யூட்டர்ல எழுதின சிடியெல்லாம் படிக்காது சுனந்தா. பழைய மாடல். கம்பெனி சிடி மட்டும்தான். படிக்காததை உள்ள வச்சா ஓர் இடம் வேஸ்ட்."

தம்பி மகள் போனில் ஏற்றித் தருவதாகச் சொன்னாள். இரண்டே நிமிட வேலை அத்தை என்றாள். சுனந்தாதான் வேண்டாம் என்றுவிட்டாள். கையால் கொடுத்துவிட்டுப் போனில் வைத்துக்கொண்டால் அது கொடுத்த கணக்கா? முந்நூறுக்கு மேல் ஒன்று கூட இல்லை என்று சொல்லியாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அன்று தன்யகுமார் நெகிழ்ந்துபோய், "உன்னை மாதிரி விரதம் காக்க யாராலயும் ஆகாது" என்றார். பைகளையெல்லாம் ஒரு பாட்டுப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டதாக அந்த வாரமே சொன்னார். எங்கேயோ நாலு குழந்தைகள் தன் பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள் என்று அவள் மனத்தை ஆற்றிக்கொண்டாள்.

போனில் சொன்னபடியே அரை மணி நேரத்தில் தேவிப்ரியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். பே கோபுரத் தெருவில் ஒரு மாடி அறையில் பழைய ஆடியோ மெஷின்களைப் பிரித்துச் சரிசெய்து விற்பது அவள் தொழில். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

"பெல்ட் நழுவிடுச்சு ஆன்ட்டி, அவ்ளோதான். ரப்பர் இல்லியா, நம்ம ஊர் வெயிலுக்கு தளந்துடும். ஜாஸ்தி நேரம் ஆகாது."

சிக்கிய சிடியை நோகாமல் எடுத்தாள். மூடியைத் திறந்து, கறுப்பு வளையம் ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினாள். பிறகு ஒன்றாம் எண்ணில் இருந்ததை எடுத்துவிட்டு, தன் பையிலிருந்த ஒரு சிடியை அங்கே செருகி ஓடவிட்டாள். சக்கரம் சுழன்றது, நின்றது. பளிச்சென்று புல்லாங்குழல் கேட்டது.

சுனந்தாவின் கண் அந்தச் சிடியின் வெறும் வெள்ளை உறையில் நின்றது. பென்சிலால் 'டெஸ்ட்' என்று எழுதியிருந்தது.

"இது கடையில வாங்கினதா பாப்பா?"

"அய்யோ, இல்ல ஆன்ட்டி. நானே கம்ப்யூட்டர்ல எழுதினது. இப்படி எழுதினதெல்லாம் படிக்கணும்னுதானே புது லென்ஸ் போட்டு குடுத்தேன்? அங்கிள் கிட்ட அன்னிக்கே போட்டு காட்டினேனே."

சுனந்தாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் மறந்திருப்பார் என்று நினைத்தாள். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த ஆளுக்கு, முதலில் ஒரு சாக்கை நாமே தேடிக் கொடுத்துவிடுவோம் இல்லையா, அதைத்தான் செய்தாள்.

தேவிப்ரியா மூடியைத் திருகிக்கொண்டே பேசினாள். "அந்த மெஷினுக்கும் இந்த பெல்ட்டேதான் ஆன்ட்டி. அதுவும் நழுவறதுக்குள்ள மாத்திடலாம். அங்கிள் கிட்ட சொல்லுங்க."

"எந்த மெஷின்?"

"அடி அண்ணாமலைல இருக்கறதுதான். புகழேந்தி சார் வீட்ல. ஜோடியா வந்த மெஷின் ஆச்சே! பிரிச்சி விக்கக்கூடாதுன்னுதான் நானும் ஆள் தேடிட்டிருந்தேன். அங்கிள் ரெண்டையும் எடுத்துக்கறேன்னாரு. ஒரே நாள்ல தான் கொண்டாந்து வச்சேன், காலைல இங்க, சாயந்திரம் அங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த பிறகு கை நின்றுவிட்டது. "ஏன் ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்றாள் சுனந்தா. ஒரு வெளி ஆள் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க அப்போதும் அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரே நாளில். அப்படியென்றால் அவர்கள் பாய் விரித்து உட்காருவதற்கு முன்பே அந்த இன்னொரு பெட்டி போய் உட்கார்ந்துவிட்டது. கண்ணில் ஒற்றிக்கொண்டது, பெருமூச்சு விட்டது, எல்லாமே கூத்து. தினமும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று பைக்கில் கிளம்பிப் போகிறாரே, நடக்கப் போகிறவருக்கு பைக் எதற்கு என்று ஒருநாளாவது கேட்டாளா? இருட்டுக்கு முன் சாப்பிடும் விரதத்தில் மனிதர் ஒரு நிமிடம் பிசகமாட்டார் என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். வெண்டைக்காயை அப்படியே மூடிவைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

புகழேந்தி தன்யகுமாரோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி வீடு, வீட்டுக்குப் பின்னால் கம்பங்கொல்லை. அவர் மனைவி சரசு வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"வாங்க அண்ணி! ஒரு போனாவது போட்டுட்டு வரக்கூடாதா? அவரு டவுனுக்குப் போயிருக்காரு. அண்ணனும் சாயந்திரம்தான் வருவாரு. பாட்டு கேக்க வந்தீங்களா?"

அவளுக்கு ஒளிவுமறைவு எதுவும் தெரியாது. விரதம் எடுத்தது அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. சரசு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்து அறையைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

அதே பெட்டி. அதே கறுப்பு, அதே கண்ணாடிக் கதவு. எதிரே கைவைத்த நாற்காலி ஒன்று, அதன் மேல் அவர் வீட்டில் காணவில்லை என்று தேடிய துண்டு. சுனந்தா குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். பெருமூச்சு விட்டு வழியனுப்பிய அத்தனை பேரும் உள்ளே நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இதற்கு நான் கண்கலங்கினேன், அதற்கு இரண்டை விட்டுக்கொடுத்தேன். கதவைத் திறந்து சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினாள். பாதிச் சக்கரத்துக்கு அப்புறம் வெறும் இடம். திருப்பத் திருப்ப வெறும் இடமாக வந்தது. தன் சிடிகளில் ஒன்றாவது இருக்குமா என்று முழு வட்டமும் பார்த்துவிட்டாள். இல்லை.

ஒருவேளை பாட்டுப் பள்ளிக்கு அவளுடையதை மட்டுமாவது நிஜமாகவே கொடுத்திருப்பாரோ? அந்த எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சரசு, அவரு வேற ஏதாவது பை கொண்டாந்தாரா? சிடி போட்ட பை?"

"ஆமா அண்ணி, ஒண்ணு எங்கிட்டயே குடுத்தாரே. கொல்லைல கிளித் தொல்லை தாங்கலண்ணா, கம்பு ஒரு கதிர் மிஞ்சல, மின்னறமாதிரி எதுனா இருந்தா கட்டி விடலாம்னு சொன்னேன். 'இது சும்மாதான் கெடக்குது, கட்டிக்கோ'ன்னு எடுத்துக் குடுத்தாரு. நல்லா வேலை செய்யுது. போன போகத்துக்கும் கட்டினோம், இந்தப் போகத்துக்கும் அதேதான்."

சுனந்தா மோர் டம்ளரை வைத்துவிட்டுப் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்கு இறங்கினாள். சரசு பின்னாலேயே வந்தாள், எதற்கென்று புரியாமல். கம்பு இடுப்புக்கு மேல் நின்றது. கழிகளுக்கு இடையே நைலான் கயிறு ஓடியது. கயிறு முழுக்கச் சிடிகள் ஆடிக்கொண்டிருந்தன. சாய்ந்த வெயிலில் கண் கூசியது. ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். இது தங்கை வாங்கிக் கொடுத்தது. இது சேலத்தில் வாங்கியது. வரப்பு முடிகிற இடத்தில், கடைசிக் கழியில், அது தொங்கியது.

எழுத்து வெளுத்திருந்தது. "சுனந்தா" என்பது தெரிந்தது. பூவில் இரண்டு இதழ் தெரிந்தது. வெள்ளிப் பூச்சு உரிந்து உரிந்து கொட்டிப்போய், பாதிக்கு மேல் வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டது. தூக்கிப் பிடித்தால் அதன் வழியாக அந்தப் பக்கத்து மலை தெரிந்தது. அவள் பாடிய பாட்டு ஒவ்வொரு துகளாக அந்தக் கொல்லை மண்ணில் உதிர்ந்திருக்கிறது. சுனந்தா அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதாள். யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டே அழுதாள். அந்த அழுகையும் அவளுக்கு முழுசாக வரவில்லை, தொண்டையில் கரகரவென்று உடைந்து உடைந்து வந்தது.

"அண்ணி, எனக்குத் தெரியாது அண்ணி, சத்தியமா தெரியாது" என்று சரசு கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.

தன்யகுமார் வந்தபோது சுனந்தா அந்தக் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீட்டு வேட்டியோடு, வாயில் ஏதோ ராகத்தை முனகிக்கொண்டே உள்ளே வந்தவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ராகமும் நின்றது.

"சுனந்தா... நீ எப்ப வந்த?"

அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சமாளித்துக்கொண்டார். எத்தனை வருடம் ஆபீஸில் பதில் எழுதிப் பழகியவர்!

"இங்க பாரு, நாம விரதம் சொன்னது நம்ம வீட்டுக்கு. நம்ம வீட்ல முந்நூறுக்கு மேல ஒண்ணு இருக்கா? நீயே சொல்லு. இது புகழேந்தி வீடு. வாங்கினதும் அவன் பேர்லதான். நான் வந்து கேக்கறேன், அவ்வளவுதான்."

"சரிங்க."

அந்தச் சரியை அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் மடியிலிருந்த சிடியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"உங்களுக்கு ஆசை விடலை. அதை எங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திருக்கும். அது கூட எனக்குப் புரியுது. இது படிக்காதுன்னு சொன்னீங்களே, போட்டுப் பாத்தீங்களா?"

அவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தப் பொண்ணு இன்னைக்கு கம்ப்யூட்டர்ல எழுதின சிடியைப் போட்டுப் பாட வச்சிட்டுப் போச்சு. நீங்க போட்டே பாக்கலை." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அதுவும் போவட்டும். இதோ, பாதிப் பெட்டி காலியா கெடக்குது. உங்களோடது அத்தனையும் திருட்டுத்தனமா கொண்டாந்து வச்சீங்களே, என்னோட ஒண்ணுக்கு இதுல எடம் இல்லையா? நீங்க எழுதினதுதானே, பூ போட்டு? ஏமாத்தறதுன்னு ஆச்சு. அப்பக்கூட என் ஞாபகம் வரலையே உங்களுக்கு!"

தன்யகுமார் சிடியைக் கையில் எடுத்தார். தூக்கிப் பார்த்தார். விளக்கின் வெளிச்சம் அதன் வழியாக அவர் முகத்தில் விழுந்தது. "எனக்கு... அந்தப் பையில இது இருந்ததே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மறந்துவிட்டேன் என்று சொல்வது பொய்யைவிடக் கேவலமாக இருக்கும் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

"நாளைக்கே இதைத் தேவிப்ரியா கிட்ட திருப்பிக் குடுத்துடறேன்."

"குடுங்க, குடுக்காம போங்க. அது உங்க விரதம். நான் என்னோடதைக் காப்பாத்திட்டேன்."

பைக்கில் அவள் ஏறவில்லை. வந்த மாதிரியே ஆட்டோவில் போனாள். வீடு சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. இருட்டிய பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிகிற வழக்கமில்லை. வெண்டைக்காய் மூடியபடியே கிடந்தது.

தன்யகுமார் பின்னாலேயே வந்து சேர்ந்தபோது, அவள் கூடத்துப் பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்திருந்தாள். ஒன்றாம் எண் அவருடைய உயிர். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, முதல் சிடியிலிருந்து தொடங்கினால்தான் அவருக்கு நாள் விடியும். அங்கே இருந்த நாதஸ்வரச் சிடியை அவள் உருவி அவர் கையில் கொடுத்தாள். அந்த இடத்தில் தன்னுடையதைச் செருகினாள்.

"கணக்கு முந்நூறுதான். ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போவணும். அதை யாருக்காவது குடுத்துடுங்க. மனசு வரலைன்னா, உங்களுக்குத்தான் இன்னொரு பெட்டி இருக்கே."

மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வந்து, பழக்கத்தில் பித்தானை அழுத்திவிட்டார். சக்கரம் சுழன்று ஒன்றாம் எண்ணில் நின்றது. சிடி உள்ளே போனது. பாட்டு வரவில்லை. எண் மட்டும் மினுக்மினுக்கென்று அணைந்து அணைந்து எரிந்தது. லென்ஸ் எதையோ தேடுகிற மெல்லிய சத்தம். புது லென்ஸ் அல்லவா, சுலபத்தில் விடுவதாக இல்லை. விர்ரென்று சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். அவரால் பொறுக்க முடியவில்லை. இரண்டாம் எண்ணுக்குத் தாண்டிவிடக் கையை நீட்டினார்.

"கை வைக்காதீங்க" என்றாள் சுனந்தா, சமையலறை வாசலில் நின்றபடி. "அது தேடட்டும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். தலை குனிந்திருந்தது. பெட்டி தேடித் தேடிப் பார்த்து, எதுவும் இல்லை என்று ஒருவழியாக விட்டுவிட்டு, இரண்டாவதற்குத் திரும்பியது. வீணை தொடங்கியது. அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"நாளைக்கும் ஒண்ணுலேருந்தே ஆரம்பிங்க" என்றாள் அவள், அந்த உடைந்த குரலில்.